உன் ஞானத்தகப்பன் நீட்டும் பேனா

அருள், இதை உட்கார்ந்து படி. ஒரு கையில் போனைத் தடவிக்கொண்டு நின்றபடி படிக்கிற சமாச்சாரம் இல்லை இது. போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் "மீட்டிங்ல இருக்கேன்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்றாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பிவைப்பாய், எனக்குத் தெரியாதா உன்னை? அதனால் பழைய கிளார்க் புத்தியோடு காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உங்க அம்மா எதிரில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். நான் என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். நேற்றுத்தான் அவளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. நீ பிறந்து முப்பத்தொரு வருஷத்தில் நான் உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. படித்து முடித்ததும் என் முகத்தில் விழிக்க உனக்கும் பிடிக்காமல் போகலாம். அதையும் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஷா ஆலமில், உன் ஞானத்தகப்பனுடைய ஆபீசில், புதுக் கம்பெனிக்கு டைரக்டராக நீ கையெழுத்துப் போடப்போகிறாய். போடாதே. இந்தக் கடிதத்தின் சாரம் இந்த ஒரு சொல்தான். மிச்சமெல்லாம் அதற்கான காரணம். உனக்குப் பொறுமை இல்லையென்றால் இங்கேயே மடித்து வைத்துவிட்டுப் போ, ஆனால் போடாதே. பொறுமை இருந்தால் படி, ஏனென்றால் காரணத்தைச் சொல்லாமல் நான் எதைச் சொன்னாலும் நீ கேட்டதில்லை. பத்து வயதில் பெல்ட்டைக் காட்டிச் சொன்னாலும் கேட்டதில்லை.

பணம் வேண்டாம் என்று உனக்கு உபதேசம் பண்ண நான் ஒன்றும் சந்நியாசி இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் யார் காலைப் பிடித்தால் எது கிடைக்கும் என்று பார்த்தவன்தான் நானும். உன் ஞானத்தகப்பன் உனக்குக் காட்டுகிற சம்பளம், கார், இருபதாவது மாடியில் வீடு, இதையெல்லாம் முப்பது வருஷத்துக்கு முன்னால் எனக்குக் காட்டியிருந்தால் நான் ஓட்டமாக ஓடியிருப்பேன். சொல்லப்போனால் இதில் பத்தில் ஒரு பங்குக்கே நான் ஓடினேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன் கெவினைப் பற்றி ஒரு வார்த்தை.

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில், நீங்கள் இருவரும் எப்போதும் உட்காருகிற அந்த மாமக் சாப்பாட்டுக் கடையில், கெவின் உன்னிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஏழு வயதில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவன் இன்றுவரை பக்கத்திலேயே இருக்கிறான். ஆடிட்டர் ஆபீசில் குப்பை கொட்டுகிறவன், அவனுக்குக் கம்பெனிப் பதிவுகளைத் தேடிப் பார்க்கத் தெரியும். உன் ஞானத்தகப்பனுடைய மற்ற கம்பெனிகளில் இதற்கு முன் டைரக்டராக இருந்த இரண்டு பேரைத் தேடிப் பார்த்திருக்கிறான். ஒருவர் திவாலாகி, பாஸ்போர்ட்டும் முடக்கப்பட்டு, ரவாங்கில் மச்சினன் வீட்டில் ஒண்டியிருக்கிறார். இன்னொருவர் எங்கே என்று அவர் பெண்டாட்டிக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் உன் வயசுக்காரர்கள். இரண்டு பேரும் தமிழ்ப் பையன்கள். இதைச் சொன்னதற்கு நீ அவனிடம், "உனக்குப் பொறாமைடா, நீ வாழ்நாள் பூரா அடுத்தவன் கணக்க எழுதியே சாவு" என்றாயாம். எழுந்து போனாயாம். அவன் நம்பரையும் தடுத்து வைத்துவிட்டாயாம்.

இதை அவன் கோள் சொல்ல வந்து சொல்லவில்லை. வேலை முடிந்த கையோடு ரயிலேறி கிள்ளானுக்கு வந்தான். கேட்டுக்கு வெளியே நின்று, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன் அங்கிள்" என்றான். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குச் சும்மா யார் வருவார்கள்? காப்பி குடித்தான். உங்க அம்மாவிடம் முதுகுவலியைப் பற்றி விசாரித்தான். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அவன் போன் எடுக்கமாட்டேங்கிறான் அங்கிள். என்னை விட்டுடுங்க, பரவாயில்ல. சைன் மட்டும் போட வேணாம்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்லா." நான் அவனைத் துருவித் துருவிக் கேட்டுத்தான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. அவன் சொன்ன சங்கதி எனக்குப் புதுசு இல்லை, அருள். அந்த மனிதரை நான் கிட்டத்தில் பார்த்தவன். உனக்கு அவரைக் கொண்டுவந்து கொடுத்தவனே நான்தான்.

நீ பிறந்தபோது நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கும் சவரிமுத்துவுக்கும் கிள்ளானில் ஒரே ஆபீசில் வேலை. கப்பலில் வருகிற சரக்குக்குச் சுங்கத்துறையில் பத்திரம் காட்டி வெளியே எடுத்துக்கொடுக்கிற கம்பெனி. அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஆபீசில் இரண்டு பேருக்குத்தான் அதிகாரம், எனக்கும் அவனுக்கும். காலையில் ஒரே ரயிலில் போவோம், சாயங்காலம் ஒரே ரயிலில் வருவோம். ஒரே பொட்டலத்தில் நாசி லெமாக் சோறு தின்றவர்கள். அவனுக்கு மூத்தவள் பிறந்தபோது நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் அவன். உங்க அம்மா வயிற்றில் நீ இருக்கும்போதே, பிள்ளைக்கு ஞானத்தகப்பன் சவரிதான் என்று பேசி முடித்தாகிவிட்டது. அவன் மனைவி உனக்கு ஞானஸ்நான உடுப்பு தைக்கத் துணியெடுத்து வைத்திருந்தாள்.

ஞானஸ்நானத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அப்போது அவருக்கு டத்தோ பட்டமெல்லாம் இல்லை, பளபளப்பான சட்டை போட்ட முதலாளி, அவ்வளவுதான். "பையனுக்கு ஞானஸ்நானமாமே, ஞானத்தகப்பன் யாரு?" என்று கேட்டார். நான் சவரி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டு, "எனக்குப் பொம்பளப் பிள்ளைங்கதான். ஒரு மகன் கொடுக்கலியே கடவுள்னு நெனச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கேட்கக்கூட இல்லை. நான்தான் நாக்கில் எச்சில் ஊறி, "நீங்களே வரணும் முதலாளி" என்றேன். நம் ஆட்கள் செய்கிற தப்பு இது, இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். பிள்ளையின் விசுவாசத்துக்குப் பொறுப்பாளி தேடுகிறோம் என்ற பெயரில் பிள்ளைக்கு ஒரு பணக்காரச் சித்தப்பாவைத் தேடுகிறோம். கோயில் புத்தகத்தில் பெரிய இடத்துப் பெயர் ஒன்று ஏறிவிட்டால் பிள்ளை கரையேறிவிட்டதாக நினைப்பு. ரயிலில் சவரியிடம் சொன்னேன், "முதலாளி ஆசைப்படுறாரு மச்சான், எப்படி வேணாம்னு சொல்றது?" என்று. அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அதுக்கென்ன லா, பிள்ளைக்கு நல்லதுதானே" என்றான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன் அவன்.

அன்று கோயிலில் நடந்த ஒன்றை உனக்கு நான் சொன்னதே இல்லை. சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று ஃபாதர் கேட்கிற இடம் வந்தது. பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பிள்ளைக்காகப் பதில் சொல்ல வேண்டும். உன் ஞானத்தகப்பனுடைய கைப்பேசி அலறியது. அந்தக் காலத்துப் போன், செங்கல் கனம் இருக்கும். அவர் "ஒரு நிமிஷம் ஃபாதர்" என்று வெளியே போய்விட்டார். என் வாய் திறக்கவில்லை. அவர் வரட்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன், முதலாளிக்கு முந்திப் பதில் சொன்னால் தப்பாகிவிடுமோ என்று. ஃபாதர் மறுபடியும் கேட்டார். அப்போது நாலாவது பெஞ்சில் சவரி எழுந்து நின்று, "விட்டுவிடுகிறேன்" என்று சத்தமாகச் சொன்னான். புத்தகத்தில் எவர் பெயர் இருந்தாலும் உனக்காகச் சாத்தானை விட்டவன் அவன்தான். நான் அதற்கு அவனிடம் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை, சங்கடமாக இருந்தது.

இனி சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டம். ஞானஸ்நானம் முடிந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு கொண்டெய்னர் வந்தது. பத்திரத்தில் தரைக்குப் போடுகிற டைல்ஸ் என்று இருந்தது. நான் எட்டு வருஷம் அந்த வேலை பார்த்தவன், டைல்ஸ் என்ன கனம் கனக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த எடையைப் பார்த்தால் உள்ளே பஞ்சுதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிகரெட். முதலாளியிடம் பத்திரத்தைக் காட்டி, "எடை ஒத்துவரல முதலாளி" என்றேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை. "நீ கிளார்க். எடை போடுறவன் இல்ல. சைன் மட்டும் போடு, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். பிறகு தன் பேனாவையே எடுத்து என் பக்கம் நீட்டினார். "உன் மகன் என் மகன் மாதிரி. உன்னை மாட்டிவிடுவேனா?" என்றார். உன்னிடமும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பார், இல்லையா? கெவின் சொன்னபோது எனக்கு அந்தப் பேனாதான் கண் முன்னால் வந்தது. நான், "நாளைக்குக் காலையில போட்டுடறேன் முதலாளி, ஒரு பத்திரம் குறையுது" என்று சொல்லித் தப்பித்து வந்தேன்.

மறுநாள் காலை ஸ்டேஷன் பக்கத்து டெலிபோனிலிருந்து சவரியைக் கூப்பிட்டேன். அவன் முதல் ரயிலிலேயே ஆபீஸ் போய்ச் சேர்ந்திருந்தான். "பிள்ளைக்கு நல்ல காய்ச்சல்டா. மேசையில ஒரு டைல்ஸ் பத்திரம் இருக்கு, இன்னைக்கே போகணுமாம், நீ போட்டுடு" என்றேன். உனக்குக் காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவன் எதையும் கேட்கவில்லை. "நீ பிள்ளையப் பாரு மச்சான், நான் போட்டுடறேன்" என்றான். போட்டுவிட்டான். என் கை எழுதியது என்றால் அவன் இரண்டாம் முறை பார்க்கமாட்டான், எனக்கு அது தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அது உன் அப்பன்தான்.

இரண்டு நாள் கழித்துக் கொண்டெய்னரைத் திறந்தார்கள். சவரியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலாளி, "நம்பி வச்சிருந்தேன், ஸ்டாஃப் தனக்காகப் பண்ணிட்டான்" என்று கண்கலங்கினார். விசாரணைக்கு வந்த அதிகாரி என்னைக் கேட்டார். நான் அன்று லீவு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து மட்டும் கோணாமல் மாணாமல் விழுந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சவரி இரண்டு வருஷம் உள்ளே இருந்தான். அவன் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டெங்கிலில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். நம் கோயிலில் அவர்கள் உட்காருகிற பெஞ்சில் வேறு ஆட்கள் உட்கார்ந்தார்கள். பிறகு நீ பேசக் கற்றபோது எங்கள் கல்யாணப் போட்டோவைக் காட்டி இந்த மாமா எங்கே என்று கேட்டாய், வெளியூரில் வேலை என்றேன். அவனுடைய வேலையும் என்னுடைய வேலையும் சேர்ந்து எனக்கே வந்தது. நீ வளர்ந்த இந்த கிள்ளான் வீட்டின் முன்பணம் அந்த வருஷத்து போனஸ்தான். நீ படிகளில் ஏறி இறங்கி விளையாடியபோதெல்லாம் எனக்கு ஏன் கோபம் வந்தது என்று இப்போது புரிகிறதா? புரியாவிட்டாலும் பரவாயில்லை.

ஆண்டவருக்கும் நண்பர்கள் இருந்தார்கள், அவரைப் பிடித்த அன்று ஓடிப்போனார்கள் என்று பெரிய வியாழன் தோறும் கேட்கிறோமே, எனக்கு அப்போதெல்லாம் காது அடைத்துக்கொள்ளும். ஓடினவர்களாவது திரும்பி வந்து அழுதார்கள். நான் ஓடியும் போகவில்லை, அழவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து சம்பளம் வாங்கினேன். வெளியே வந்த சவரி மறுபடியும் என் வீட்டு வாசலுக்கு வந்தான். அவனுக்கு யாரும் ஆபீஸ் வேலை கொடுக்கவில்லை. பழைய வேன் ஒன்றை வாங்கிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆரம்பித்தான். நீயும் அந்த வேனில்தான் ஆறு வருஷம் போனாய். உன்னிடம் அவன் ஒரு மாதம்கூட வாடகை வாங்கியதில்லை. "ஒத்தப் பிள்ளைக்கு என்ன லா வாடகை" என்பான். எனக்கு நெஞ்சில் அடைப்பு வந்து படுத்தபோது உன் ஞானத்தகப்பன் பழக்கூடை அனுப்பினார், அட்டையில் அவர் செக்ரட்டரி தன் பெயரைப் போட்டிருந்தாள். அடுத்த மாதம் என்னை வேலையிலிருந்தும் அனுப்பிவிட்டார். சவரி பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வருவான், மத்தியானம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போய்விட்டு மறுபடியும் வருவான். எனக்கு ஏற்றின ரத்தத்தில் அவனுடையதும் உண்டு. இதையெல்லாம் வாங்கிக்கொண்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

கெவின் வந்துவிட்டுப் போனபிறகு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை சவரி வீட்டுக்குப் போனேன். அவன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எடை ஒத்துவராதது, முதலாளி சொன்னது, நான் சொன்ன பொய், இப்போது உன்னை அவர் கையெழுத்துக்குக் கூப்பிட்டிருப்பது, எல்லாம். அவன் ரப்பர் குழாயை மூடிவிட்டு வேன் படியில் உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அன்னைக்குச் சாயங்காலம் பிள்ளையப் பாக்க உன் வீட்டுக்கு வந்தேன். நீ இல்ல. தங்கச்சி பிள்ளைய காலில போட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்துச்சு. காய்ச்சக்காரப் பிள்ளைக்கு யாராச்சும் தலைக்கு ஊத்துவாங்களா? காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேட்டேன். யாருக்குண்ணே காய்ச்சல்னு கேட்டுச்சு. வேற யாரோ சொன்னாங்கம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அப்பப் புரியல. ரெண்டு நாள் கழிச்சுப் புரிஞ்சுது."

நான் அன்று வீட்டில் கால் தரிக்காமல் மார்க்கெட் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். அவன் வந்து போனது எனக்குத் தெரியாது. ஏன் அதிகாரிகளிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீயும் உள்ள வருவ. பிள்ளை பால்குடி. ரெண்டு வீடும் எதுக்கு லா இருட்டாகணும்?" என்றான். கோபம் இல்லையா என்றேன். "இருந்துச்சு. உள்ள இருந்தப்ப உன் பேரச் சொல்லிச் சுவத்துல தலைய முட்டியிருக்கேன். அப்புறம் வெளிய வந்து, இவன் எப்பவாச்சும் வாயத் திறப்பான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ ரொம்ப லேட்டு மச்சான்" என்றான். எனக்கு அழுகை வந்தது. அறுபத்தாறு வயசுக் கிழவன் தெருவில் நின்று அழுதேன். அவன் என்னைத் தட்டிக்கொடுக்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. குழாயைச் சுருட்டிக்கொண்டே, "பையன் எப்ப சைன் போடுறான்?" என்று மட்டும் கேட்டான்.

வெள்ளிக்கிழமை காலை உன் ஞானத்தகப்பன் எனக்குப் போன் பண்ணினார். பத்து வருஷமாகக் கூப்பிடாதவர். குரல் தேன் மாதிரி. "சவரி வீட்டுக்குப் போயிருந்தீங்களாமே" என்றார். நான் புதன்கிழமை போனது உங்க அம்மாவுக்கே அப்போது தெரியாது. அவருக்கு யார் சொன்னார்கள் என்று இந்த நிமிஷம்வரை எனக்கு விளங்கவில்லை. "பழைய குப்பையக் கிளறினா நாத்தம் உங்க வீட்டுக்குள்ளதான் வரும். தம்பிக்கு நல்ல காலம் வருது, நீங்க ஓய்வா இருங்க. அவன் ஐசி கார்டு, பேப்பர் எல்லாம் கொடுத்துட்டான், மிச்சம் ஒரு சைன்தான்" என்றார். பிறகு, "நீங்க அன்னைக்குக் கொடுத்த வாக்குமூலம் காப்பி இன்னும் என்கிட்ட இருக்கு" என்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்தார். நேற்றிலிருந்து எதிர்வீட்டு ஓரமாக ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. யாருடையதாகவும் இருக்கலாம். உங்க அம்மா பகலிலேயே கேட்டைப் பூட்டி வைத்திருக்கிறாள்.

இதையெல்லாம் உன்னைப் பயமுறுத்தவே சொல்கிறேன், ஒளிக்கவில்லை. நீ பயப்பட வேண்டும். என் வயசில் உனக்கு ஒன்று தெரியும், அருள், வசதி வருகிறபோது கூடவே பத்துப் பேர் வருவார்கள், அவர்களில் ஒருவனும் உன் வீட்டுக்கு ரயிலேறி வந்து உன் அம்மாவின் முதுகுவலியை விசாரிக்கமாட்டான். உன்னிடம் திட்டு வாங்கிக்கொண்டும் உன்னைத் தடுக்கிறவன் ஒருவன் கிடைத்தால் அது கடவுள் கொடுத்தது. நான் அப்படி ஒருவனைத் தொலைத்துவிட்டேன் என்றுதான் முப்பது வருஷம் நினைத்தேன். தொலைக்கவில்லை, அவன் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. கெவின் மனுஷன், அவனுக்கும் ஒரு நாள் அலுத்துப்போகும்.

இந்தக் கடிதத்தை அவன்தான் எடுத்துக்கொண்டு வருகிறான். தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வராது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. உன் கொண்டோ அடுக்குமாடிக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். "இல்ல அங்கிள், அவன் படிச்சு முடிக்கிற வரைக்கும் கீழ கார் பார்க்ல இருக்கேன்" என்றான். எவ்வளவு நேரம் ஆகும் என்றும் அவன் கேட்கவில்லை.

இனி நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை சவரி பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு எட்டரைக்கு என்னைக் கூப்பிட வருகிறான். இரண்டு பேரும் புத்ராஜெயாவில் இருக்கிற சுங்கத்துறைத் தலைமை ஆபீசுக்குப் போகிறோம். பத்து மணிக்கு ஓர் அதிகாரியைப் பார்க்கிறோம், நேரம் வாங்கியாகிவிட்டது. அன்று நான் எழுதிக்கொடுத்தது பொய் என்று முதலில் சொல்வேன். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியாது, மாத்திரைப் பையை எடுத்து வைத்திருக்கிறேன். அதன்பிறகு அந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்வேன், பழையதும் புதியதும், ரவாங்கில் ஒண்டியிருக்கிற ஆளைப் பற்றியும், காணாமல் போனவனைப் பற்றியும், ஷா ஆலம் கம்பெனியைப் பற்றியும். வேண்டாம் என்று உங்க அம்மா சொல்லவில்லை. எழுதும்போது நடுவில் எழுந்துபோய் என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டு வந்தாள்.

நான் வெளியே வர மத்தியானம் ஆகிவிடும். உன் கையெழுத்து நேரம் பதினொன்று. அந்தக் கம்பெனியில் உங்களுக்குச் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று அதிகாரி என்னைக் கட்டாயம் கேட்பார். இந்தத் தடவை நான் உண்மையைத்தான் சொல்வேன், அருள். அது என்ன உண்மை என்பது உன் கையில் இருக்கிறது.

அப்பா